நாணயம் மூழ்குகிறது, குடம் மிதக்கிறது

கேள்வி: ஒரு ரூபாய் நாணயம் தண்ணீரில் விழுந்ததும் மூழ்கிவிடுகிறது. அதைவிடப் பல நூறு மடங்கு கனமான பித்தளைக் குடம் கிணற்றில் மிதக்கிறதே, எப்படி?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: எடையை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது; அந்த எடையுள்ள பொருள் தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரில் இறங்கும் பொருள், தான் அடைக்கும் இடத்தில் இருந்த நீரை விலக்குகிறது. அந்த நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையுடன் சுற்றியுள்ள நீர் அப்பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிரக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் வகுத்த விதி இது. (அவர் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடிய கதைக்கு அவர் எழுத்தில் சான்று இல்லை, விதிக்கு உண்டு.)

3 கிலோ எடையும் 12 லிட்டர் கொள்ளளவும் உள்ள குடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், வெறுங்குடம் 3 லிட்டர் நீரை விலக்கும் ஆழம்வரை இறங்கி, அங்கேயே நின்றுவிடும். அதே பித்தளையை உருக்கிக் கட்டியாக வார்த்தால் அது விலக்கும் நீர் ஏறத்தாழ 350 கிராம்தான். அந்தத் தள்ளுவிசை 3 கிலோவைத் தாங்காது. நாணயத்தின் கதையும் அதுவே. குடத்துக்கு மட்டும் வயிறு நிறையக் காற்று இருக்கிறது.

கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர்களின் கைக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும். நிறைகுடம் நீருக்குள் இருக்கும்வரை, உள்ளேயுள்ள 12 கிலோ நீரைக் கிணற்று நீரே தாங்கிக்கொள்வதால், கயிற்றில் மூன்று கிலோகூடத் தெரியாது. நீர்மட்டத்தைத் தாண்டியதும் 15 கிலோவும் தோளில் இறங்கும்.

பொருளை அப்படியே விட்டுவிட்டு நீரை மாற்றினாலும் மூழ்கியது மிதக்கும். நம் உழவர்கள் விதைநெல் தேர்வதே இதற்குச் சான்று. நல்ல தண்ணீரின் அடியில் கிடக்கும் புது முட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க, நீரின் அடர்த்தி கூடுவதால் மேலெழும். முட்டையின் மேற்பகுதி ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரிந்ததும், அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டுவார்கள். பதரும் சரியாக முற்றாத மணிகளும் மிதக்க, முற்றிய மணிகள் அடியில் தங்கும். அவற்றை உப்புப் போக இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் முளைப்புக் கெடும்.

நாணயத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. பழைய அலுமினியப் பைசாவை நீர்ப்பரப்பின் மேல் பதமாகக் கிடத்தினால் மிதக்கும். அலுமினியம் நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தியானது என்பதால் தள்ளுவிசை மட்டும் அதைத் தாங்காது. நீர்ப்பரப்பின் இழுவிசையும் சேர்ந்துதான் தாங்குகிறது. அருகில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விட்டுப் பாருங்கள், பைசா அடியில் இருக்கும்.