கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவில் 17ஆம் தேதி பார்த்த சரக்கு ரயிலின் குறியீட்டில் ஏன் 15 என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 15 ரயில் கிளம்பிய தேதி, நீங்கள் பார்த்த தேதி இல்லை. அமெரிக்க ரயில் கம்பெனியான பிஎன்எஸ்எஃப்பின் ரயில்கள் அந்த எண்ணைப் போய்ச் சேரும்வரை சுமந்துகொண்டே போகும்.

நீங்கள் குறித்த 'இசட் - டபிள்யூ.எஸ்.பி. - எஸ்.பி.டி. 1 - 15' என்ற குறியீட்டை இப்படிப் பிரியுங்கள். 'இசட்' என்றால் அவசரக் கன்டெய்னர், டிரெய்லர் ரயில். அடுத்த மூன்று எழுத்து கிளம்பும் ஊர், சிகாகோ பக்கத்து வில்லோ ஸ்பிரிங்ஸ்; அதற்கடுத்த மூன்று போய்ச் சேரும் ஊர், கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ. சிகாகோவில் 15ஆம் தேதி கிளம்பியது 17ஆம் தேதி பார்ஸ்டோவில் தென்படுவதில் வியப்பே இல்லை. நடுவில் நிற்கும் 1, பொதுவாக அதே இரண்டு ஊருக்கு அதே நாளில் இன்னொரு ரயில் ஓடினால் குழம்பாமலிருக்க.

சரிபார்க்க, அதே இடத்தில் ஒரு 'எம்' ரயிலையும் கவனியுங்கள். அது பல சரக்கு கலந்த ரயில். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுகளில் நின்று வருவதால், தொலைவிலிருந்து வந்ததானால் தேதி இன்னும் பின்தங்கியிருக்கலாம். நிலக்கரி என்றால் 'சி', அதுவே காலியாகத் திரும்பினால் 'ஈ'.

ரயில் ஊழியர்கள் பேசும் ரேடியோவில் இந்தக் குறியீடு கேட்கவில்லை என்றீர்களே, அங்கே முன் எஞ்சினின் எண்ணையும் திசையையும்தான் பெரும்பாலும் சொல்வார்கள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து பயனில்லை.

ஒன்று மட்டும்: இதை மற்ற கம்பெனிகளுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். யூனியன் பசிபிக்கில் ஊருக்கு இரண்டே எழுத்து, 'எம்.என்.பி.ஆர்.வி.' என்றால் நார்த் பிளாட்டிலிருந்து ரோஸ்வில்லுக்கு. நார்ஃபோக் சதர்னில் '21டி' மாதிரி வரும், அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஊர் பிடிபடாது.