டிபி கனெக்ட் ஆகலையா? எரரோட வாங்க

பதினாலு வருஷமா பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற போன்ல பாதி "டிபி கனெக்ட் ஆகல"ன்னுதான் வரும். டிபின்னா டேட்டாபேஸ், ஆப்போட தகவலெல்லாம் இருக்கிற இடம். கேட்கிறவங்க எரர் வரியை அப்படியே போடுங்க. "வேலை செய்யலை"ன்னு மட்டும் சொன்னா நான் சோழிதான் உருட்டணும்.

கேள்வி: அக்கா, லேப்டாப்ல நல்லா ஓடின ஏபிஐ, டாக்கர்ல போட்டதும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' சொல்லுது. ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432. செட்டிங்ஸ்ல எதையுமே மாத்தலை.

மாத்தாததுதான் தம்பி பிரச்சினை. டாக்கர் ஒவ்வொரு சர்வீஸையும் கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டும். அதுக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்தக் கன்டெய்னரேதான். உங்க டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் அங்க இல்லையே. எந்தெந்தக் கன்டெய்னர் ஓடணும்னு எழுதுற கம்போஸ் ஃபைல்ல டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பேர் வச்சீங்களோ, அதையே ஹோஸ்ட்டா கொடுங்க. வெளியில 5433னு போர்ட் மேப் பண்ணியிருந்தாலும், கன்டெய்னருக்குக் கன்டெய்னர் பேசும்போது 5432தான்.

ரெஃப்யூஸ்ட்னா பெரும்பாலும் வீடு சரி, கதவுக்குப் பின்னாடி ஆள் இல்லை. 'டைம்டு அவுட்'னு வந்தா வீட்டுக்கே போய்ச் சேரலை. அப்போ ஃபயர்வால், செக்யூரிட்டி குரூப் பக்கம் போங்க.

கேள்வி: மாத்திட்டேன் அக்கா. இப்போ சில தடவை ஓடுது, சில தடவை ஸ்டார்ட் ஆகும்போதே அதே எரர்.

'டிபெண்ட்ஸ் ஆன்' மட்டும் போட்டிருப்பீங்க. அது கன்டெய்னர் கிளம்பிடுச்சான்னுதான் பார்க்கும். அடுப்பு பத்தவச்சதும் சோறு வெந்துடுமா? டேட்டாபேஸுக்கு 'பிஜி ஈஸ்ரெடி' (போஸ்ட்கிரெஸ் தயாரான்னு பார்க்கிற கமாண்ட்) வச்சு ஹெல்த்செக் எழுதி, கண்டிஷனை 'சர்வீஸ் ஹெல்தி'ன்னு மாத்துங்க. ஆப்லயும் ரெண்டு மூணு தடவை ரீட்ரை இருக்கட்டும்.

கேள்வி: மேடம், கம்போஸ்ல போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணேன். ஆப்லயும் புதுசுதான் இருக்கு. 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'.

அந்த என்விரான்மென்ட் வேரியபிள், டேட்டா ஃபோல்டர் காலியா இருக்கிற முதல் தடவை மட்டும்தான் வேலை செய்யும். வால்யூம்ல (கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்குற இடம்) டேட்டா வந்தப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உள்ள போய் 'ஆல்டர் யூசர்' கொடுத்து மாத்துங்க. 'டவுன்' கமாண்டோட மைனஸ் வி சேர்த்து அடிச்சா சரியாகும்னு யாராவது சொல்வாங்க. சரியாகும், டேட்டாவும் சேர்ந்து போயிடும்.

கேள்வி: பாஸ்வேர்ட்ல @ இருக்கு. கனெக்‌ஷன் யூஆர்எல்ல போட்டா ஏதோ புரியாத ஹோஸ்ட் பேரைத் தேடுது.

%40னு எழுதுங்க. # இருந்தா %23.

கேள்வி: மேடம், மதியம் கூட்டம் ஏறினதும் 'டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி'. பைத்தான் ஆப், 6 சர்வர், ஒவ்வொண்ணுலயும் 4 ஒர்க்கர். டேட்டாபேஸோட பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரி, அதுல பூல் சைஸ் 5தான். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 500 ஆக்கிடலாமான்னு டீம்ல கேட்கிறாங்க.

முதல்ல கணக்கு. பூல்னா திறந்து வச்சு மறுபடி மறுபடி பயன்படுத்துற கனெக்‌ஷன் கூட்டம், அது ஒவ்வொரு ஒர்க்கர் ப்ராசஸுக்கும் தனி. சைஸ் 5, அதுக்கு மேல டீஃபால்ட்டா ஓவர்ஃப்ளோ 10. ஆக ஒரு ஒர்க்கர் 15 வரை திறக்கும். 6 × 4 × 15 = 360. போஸ்ட்கிரெஸ்ல மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் டீஃபால்ட் 100, அதுலயும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கினது. பந்தியில 97 இலை போட்டுட்டு 360 பேருக்குப் பத்திரிகை வச்சிருக்கீங்க.

500 ஆக்கினா எரர் நிக்கலாம். ஆனா போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ். மெமரி ஏறும், எல்லாரும் ஒரே நேரத்துல சிபியுவுக்கு முட்டுவாங்க, எல்லா குவெரியும் மெதுவாகும். அதை நான் கடைசியாத்தான் தொடுவேன். ஓவர்ஃப்ளோவைக் குறைங்க. அப்பவும் போதலைன்னா நடுவுல கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கிற பிஜிபவுன்ஸரை வைங்க, அதோட போர்ட் 6432. டிரான்சாக்‌ஷன் மோடுல வச்சா, ஒரு டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே முடியவேண்டிய வேலைகள்) முடியுற வரைக்கும்தான் ஒரு கனெக்‌ஷன் கிடைக்கும். அதனால 'செட்' கொடுத்து மாத்தின செஷன் செட்டிங்ஸை நம்பாதீங்க. அடுத்த டிரான்சாக்‌ஷன் வேற கனெக்‌ஷன்ல ஓடலாம்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. கூட்ட நேரத்துல, எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்யுதுன்னு காட்டுற 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவுல 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' (டிரான்சாக்‌ஷனை முடிக்காம சும்மா நிக்கிறது) எத்தனைன்னு எண்ணிட்டு வாங்க. ஏன்னா இதுல நானே சூடு பட்டிருக்கேன். டிரான்சாக்‌ஷனைத் திறந்து, ஆர்டரை எழுதி, கமிட்டுக்கு (முடிச்சுப் பதியுறதுக்கு) முன்னாடி வெளி பேமென்ட் ஏபிஐயைக் கூப்பிட்டிருந்தேன். அந்தப் பக்கம் மெதுவானதும், என் கனெக்‌ஷன் எல்லாம் சும்மா கையைக் கட்டிட்டு நின்னுச்சு. மூணு நாள் பூல் சைஸைத்தான் ஏத்தி ஏத்திப் பார்த்தேன்.

கேள்வி: அக்கா, மைஎஸ்க்யூஎல். தினமும் காலையில முதல் ரிக்வெஸ்ட் மட்டும் 'சர்வர் ஹேஸ் கான் அவே'. அப்புறம் நாள் முழுக்க ஓடுது.

மைஎஸ்க்யூஎல்லோட 'வெயிட் டைம்அவுட்' டீஃபால்ட் 28800 வினாடி, அதாவது 8 மணி நேரம். ராத்திரி சும்மா இருந்த கனெக்‌ஷனை சர்வர் மூடிடுச்சு, உங்க பூலுக்கு அது தெரியலை. பூல்ல கனெக்‌ஷனோட ஆயுளை அதைவிடக் கம்மியா வைங்க. ஜாவாவோட ஹிகாரி பூல்ல டீஃபால்ட்டே 30 நிமிஷம். எஸ்க்யூஎல்ஆல்கெமின்னா 'பூல் ரீசைக்கிள்', கூடவே கனெக்‌ஷன் உயிரோட இருக்கான்னு முன்னாடியே பார்க்கிற 'ப்ரீ பிங்'கை ஆன் பண்ணுங்க. காலையில மட்டும் இல்லாம, சில நிமிஷம் சும்மா விட்டாலே அறுந்தா நடுவுல இருக்கிற நெட்வொர்க்கைச் சந்தேகப்படணும். ஏடபிள்யூஎஸ்ல உள் நெட்வொர்க்கை வெளியோட இணைக்கிற நாட் கேட்வே 350 வினாடி அசைவு இல்லைன்னாலே வெட்டிடும்.

கேள்வி: மேடம், 360 கணக்கு கேட்டவன்தான். எண்ணிப் பார்த்தேன், 41 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. புரோகிராம்ல எந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதே வியூவுல 'குவெரி'ங்கிற நெடுவரிசையைப் பாருங்க. அந்தக் கனெக்‌ஷன் கடைசியா ஓட்டின எஸ்க்யூஎல் இருக்கும். 41லயும் அதே வரின்னா, புரோகிராம்ல அந்த வரிக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு தேடுங்க. ஏபிஐ கால், மெயில் அனுப்புறது, ஃபைல் அப்லோடு, இதுல ஒண்ணு பெரும்பாலும் மாட்டும். அதை கமிட்டுக்கு அப்புறம் தள்ளுங்க. நாளைக்கு வேற சர்வீஸும் இதே டேட்டாபேஸுக்கு வரும், அதனால கனெக்‌ஷன் ஸ்டிரிங்ல 'அப்ளிகேஷன் நேம்' இன்னைக்கே போட்டுடுங்க. யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பேரோட தெரியும்.