கொழும்பு நகரத்துக்குள் வீட்டில் கோழி, ஆடு வளர்க்கலாமா? பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்தால் என்ன நடக்கும்?

கோழி வளர்க்கலாம், நானே வளர்க்கிறேன். மட்டக்குளியில் ஏழு பேர்ச் வளவு, பின்மதிலோடு ஒட்டிய கூடு, உள்ளே ஐந்து பெட்டைக்கோழிகள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஏற்கனவே யாரோ உங்களை வெருட்டிவிட்டார்கள் என்று விளங்குகிறது. "டவுனுக்குள் கோழி வளர்க்கத் தடை, பொலிஸ் வரும்" என்று எனக்கும் சொன்னார்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டால் சொன்னவர்களில் ஒருவருக்கும் பதில் இல்லை.

நான் சட்டத்தரணி இல்லை. என் மேல் முறைப்பாடு வந்தபோது நாலு பேரிடம் விசாரித்து அறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்று பாருங்கள். நாம் கொழும்பு என்று சொல்வதெல்லாம் கொழும்பு மாநகர சபை இல்லை. வெள்ளவத்தை அதற்குள் வரும். கால்வாயைத் தாண்டித் தெஹிவளைக்குப் போனால் அது தெஹிவளை - கல்கிசை மாநகர சபை. எங்கள் பக்கம் களனி ஆற்றைக் கடந்தால் வத்தளை, மாவட்டமே மாறிவிடும். துணைவிதிகள் போடுவது அந்தந்தச் சபை. மாநகர சபைகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். ஆகவே தெஹிவளையில் இருக்கும் சித்தி சொன்னதை வைத்துக் கொட்டாஞ்சேனையில் முடிவெடுக்காதீர்கள். உங்கள் பகுதி பிஎச்ஐயிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், நேரே கேளுங்கள்.

ஆனால் எங்கே இருந்தாலும் உங்களைப் பிடிக்கப்போவது "தொல்லை" என்ற விஷயம்தான். 1862 இலேயே, வெள்ளைக்காரன் காலத்தில், தொல்லைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அயலவருக்குக் கரைச்சலாக அழுக்கும் நாற்றமும் வைத்திருந்தால் அதன்படி குற்றம். இன்னும் பெரிதானால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98 ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளை போடலாம். அதாவது கேள்வி "கோழி இருக்கிறதா" என்பது இல்லை. நாறுகிறதா, இலையான் மொய்க்கிறதா, எலி வருகிறதா, சத்தமா என்பதுதான். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது; அங்கே குடியிருப்பாளர் நிர்வாகத்தின் விதிதான் முதலில், பல்கனியில் கூடு வைக்க யாரும் விடமாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

சரி, என் கதை. 2022 ஐ மறந்திருக்கமாட்டீர்கள். காஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோலுக்கு வரிசை. அந்த ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டை 43 ரூபாய், சிவப்பு 45 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை போட்டது, அப்புறம் கடையில் முட்டையைக் காணவே கிடைக்கவில்லை. வளர்கிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மன்னாரில் இருந்து மாமி ஊர்க்கோழிக் குஞ்சுகள் கொடுத்துவிட்டார். வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த காலம் அது. மரவள்ளி நட்டவர்களை எல்லோரும் பாராட்டினார்கள், நான் கோழி வைத்தது மட்டும் சிலருக்குக் குற்றமாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த வருடம் இந்தியாவில் இருந்து முட்டை இறக்கினார்களே, அப்போது என் பிள்ளைகள் எங்கள் கூட்டு முட்டையைத்தான் சாப்பிட்டார்கள்.

முறைப்பாடு வந்தது பக்கத்தில் எழும்பிய புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்து. ஒரு காலை பிஎச்ஐ வந்து நின்றார். கோழியைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன், அவர் பார்த்தது தண்ணீர்ச் சட்டியை. கொழும்பில் டெங்கு இருக்கும்வரை அது அப்படித்தான் இருக்கும். 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தில் வழக்கே போடலாம். சட்டியைக் கவிழ்த்து, உள் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. நான் தினமும் தும்புத் தேய்ப்பானால் உரஞ்சிக் கழுவுகிறேன் என்று சொன்னேன், தேய்ப்பானையும் காட்டினேன். பிறகு டோர்ச் அடித்துக் கூட்டுக்குக் கீழே பார்த்தார், தீவனம் எங்கே என்று கேட்டார். மூடியுள்ள தகர டின்னில். எலிக்காய்ச்சல் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். கடைசியில் கூட்டுக்குள் குனிந்து, கீழே போட்டிருந்த உமியை ஒரு பிடி அள்ளிக் கசக்கி மணந்து பார்த்தார்.

அந்தப் பிடி உமியில்தான் எல்லாம் இருக்கிறது. உமியோ தும்புத் தூளோ நாலு அங்குலம் போட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் கிளறி, ஈரமான இடத்தை அள்ளிவிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்பு தூவினால் நாற்றமே வராது. நனைந்தால்தான் எச்சத்தில் இருந்து கண் எரிகிற அமோனியா கிளம்பும். கொழும்பு மழை சும்மா மழை இல்லை, மே மாதம் தொடங்கினால் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே தகரக் கூரையைக் கூட்டுக்கு வெளியே இரண்டடி நீட்டிவிடுங்கள். வலை அரை அங்குலக் கண். பெரிய கண் வைத்தால் எலி உள்ளே போகும். அள்ளிய எச்சத்தைக் கானுக்குள் தள்ளாதீர்கள், உக்கவிட்டுக் கறிவேப்பிலைக்குப் போடுங்கள். இராணிக்கெட் என்ற கோழித் தொற்றுநோய்க்கான தடுப்புமருந்தையும் கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

பிஎச்ஐ நோட்டீஸ் ஒன்றும் எழுதவில்லை. "கூடு பரவாயில்லை, மிஸ். சேவலுக்கு மட்டும் ஏதாவது வழி பாருங்கள்" என்றார்.

அன்று பின்னேரமே நானும் இவரும் அந்த இரண்டாம் மாடிக்குப் போனோம். போகும்போது எனக்கு ஆத்திரம்தான். கதவைத் திறந்தது என் வயதுப் பெண். அவளுடைய தம்பி வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்கிறான், விடிய மூன்று மணிக்குத்தான் வந்து படுக்கிறான், நாலு மணிக்கு எங்கள் சேவல் அவன் ஜன்னலுக்கு நேரே கூவுகிறது. "அக்கா, கோழி இருக்கட்டும், எங்களுக்கு அந்தச் சேவல்தான் பிரச்சினை" என்றாள். இதை மதிலுக்கு மேலால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிஎச்ஐ வரவே தேவையில்லை. சேவலை மச்சானின் வானில் மன்னாருக்கு அனுப்பினோம். சின்னவன் அழுதான். முட்டை ஒன்றும் குறையவில்லை; பெட்டைக்கோழி முட்டையிடச் சேவல் வேண்டியதில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். படித்தவர்களே இதை நம்பமாட்டேன் என்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே கட்டடத்துக்குப் பைலிங், அதாவது அத்திவாரத் தூண், அடித்தபோது எங்கள் குசினிச் சுவர் வெடித்தது. இரவு பத்து மணிக்குப் பிறகும் கொங்கிரீட் லொறி வந்தது, மாமாவுக்கு இழுப்பு, வீடு முழுக்கச் சீமெந்துத் தூசி. கட்டியவர்களிடம் போனால் "பழைய வீடு, முன்பே வெடித்திருக்கும்" என்று ஒரே பேச்சு. வேலை தொடங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு அயல்வீட்டு வெடிப்புகளைப் பதிவு செய்விக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துக் காணியில் அத்திவாரம் வெட்டத் தொடங்கினால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சேவல் கூவினால் அதிகாரி வருகிறார், சுவர் வெடித்தால் ஒருவரும் வருவதில்லை. இதை எழுதாமல் கோழியைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியாது.

"அப்போ ஊரெல்லாம் கோழி வளர்த்து நாறடிக்கச் சொல்கிறீர்களா" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. கூட்டை வாரக்கணக்கில் பார்க்காமல் விடுகிறவருக்காக நான் வாதாடவில்லை. அவர் மேல் முறைப்பாடு போகத்தான் வேண்டும். அயலவரோடு பேச்சு முறிந்துவிட்டால் பொலிஸுக்கு ஓடுமுன் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை, இரண்டு தரப்பையும் இருத்திக் கதைப்பார்கள்.

ஆடு கேட்டிருந்தீர்கள். சட்டம் எப்படி இருந்தாலும் ஏழு, எட்டுப் பேர்ச்சில் வேண்டாம். கோழி கூட்டுக்குள் நிற்கும், ஆடு நிற்காது. தழை தேடி ரோட்டுக்குப் போகும், கட்டாக்காலி என்று பிடித்துக்கொண்டு போனால் தண்டம் கட்டித்தான் மீட்கவேண்டும். இறைச்சிக்கு என்று நினைத்தால் இன்னும் சிக்கல். ஆடு, மாடு அறுப்பதற்கு 1893 இலிருந்தே இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் இருக்கிறது, நினைத்தபடி வீட்டு முற்றத்தில் அறுக்க முடியாது. கோழியோடு தொடங்குங்கள். மூன்று பெட்டை போதும், சேவல் வேண்டாம். கூடு அடிக்குமுன் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.