கச்சேரியில் பேஸ் அமுங்கிப்போவது பற்றி

வீட்டில் நன்றாகக் கேட்கும் பேஸ் கிடார், கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் வெறும் 'கும்'மென்று அமுங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) அடித்தொனியைக் கூட்டும் பேஸ் திருகை முழுக்க ஏற்றி வைத்திருப்பதுதான் வினை. கிடாரில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் ஈ தந்தியின் சுருதி 41 ஹெர்ட்ஸ். உங்கள் 8 அங்குல ஸ்பீக்கர் அதைத் தாங்காது, குழறத்தான் செய்யும். பேஸ் திருகை நடுவுக்குக் கொண்டுவந்து, நடுத்தொனிக்கான மிட் திருகைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. குழுவோடு வாசிக்கும்போது மட்டும் திருகுகளைத் தொடுங்கள். பேட்டரி இல்லாத கிடார்தானே? அதன் டோன் குமிழ் கூர்மையைக் குறைக்கும், கூட்டாது; முழுக்கத் திறந்தே தொடங்குங்கள்.

அப்புறம், வீடு கடலோரத்தில், தேவனாம்பட்டினம் என்கிறீர்கள். உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் மங்கும். வாசித்ததும் தந்திகளின் அடிப்புறமும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள்.