டோக்கியோ கலை வாழ்க்கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டோக்கியோவில் புதிய இசைக்குழுக்கள்கூடச் சர்வசாதாரணமாக மேடை ஏறுகின்றனவாமே, எப்படி?

பதில்: மேடை கிடைப்பது எளிது, செலவுதான் கையைக் கடிக்கும். ஷிமோகிட்டசாவா, கோயென்ஜி பகுதிகளில் பெரும்பாலும் நிலவறைகளில் இயங்கும் சிறு அரங்குகளை ‘லைவ் ஹவுஸ்’ என்பார்கள். ஒரே இரவில் நாலைந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். பல அரங்குகளில் ‘நோருமா’ முறை உண்டு. 2,000 யென் டிக்கெட்டில் இருபதை விற்றுத் தரவேண்டும் என்று பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பேர்தான் வந்தார்கள் என்றால் மீதி எட்டுக்கான 16,000 யென்னைக் குழுவே கட்ட வேண்டும். இருபதைத் தாண்டிய பிறகுதான் குழுவுக்குப் பங்கு.

அதனால்தான் வாசலில் “இன்று எந்தக் குழுவைக் கேட்க வந்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள். “சும்மா வந்தேன்” என்றால் உங்கள் டிக்கெட் யார் கணக்கிலும் சேராது. நுழைவுக் கட்டணத்துக்கு மேல் பானத்துக்கென்று 500, 600 யென் வாங்குவதும் ஏமாற்று அல்ல. இந்த அரங்குகளில் பல, உணவகமாக உரிமம் பெற்றவை, அதனால்தான் பானமும் விற்கிறார்கள்.

கேள்வி: டோக்கியோவின் கின்சா பகுதியில் ஓவியக் கண்காட்சி வைக்கப் பெரிய ஓவியராக இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வார வாடகைக்கு விடும் கூடங்கள் அங்கே ஏராளம். 1932-இல் அடுக்குமாடிக் குடியிருப்பாகக் கட்டிய ஒகுனோ கட்டடத்தில், பழைய வீட்டு அறைகளே இன்று குட்டிக் கூடங்கள். லிஃப்ட் கதவைக் கையால் இழுத்துத்தான் மூட வேண்டும். சரியாக மூடாமல் இறங்கிப் போனால் மற்ற மாடிக்காரர்களுக்கு லிஃப்ட் வராது. வாடகைக் கூடத்தில் படம் தொங்குவதால் மட்டும் ஓவியரின் தகுதியை எடைபோடாதீர்கள்.

கேள்வி: காமிக் மார்க்கெட்டில் விற்கும் சுயபதிப்பு மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) எப்படி அச்சிடுகிறார்கள்? எங்கே தவறு நேரும்?

பதில்: 1975-இல் தொடங்கிய சந்தை இது. இப்போது ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் ஆண்டிறுதியிலும் டோக்கியோ பிக் சைட் கண்காட்சி வளாகத்தில் கூடுகிறது. இந்தப் புத்தகங்களுக்கு ‘தோஜின்ஷி’ என்று பெயர். அவற்றுக்கென்றே தனி அச்சகங்கள் இருக்கின்றன.

வழக்கமான அளவு B5, அதாவது 182 × 257 மி.மீ. தாளின் நான்கு ஓரங்களிலும் 3 மி.மீ. கூடுதலாக வரைய வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும் கத்தி இம்மி விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். அட்டையின் முன்புறமும் உட்புறமும் 1, 2 என்று கணக்கு, ஆகவே உள்ளே கதை 3-ஆம் பக்கத்தில்தான் தொடங்கும். புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். பசை வைத்துக் கட்டும் தடித்த புத்தகத்தில் முதுகை ஒட்டி வசனம் எழுதினால் மடிப்பு விழுங்கிவிடும். ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள்.

பெரிய தலைவலி ‘டோன்’ என்னும் சாம்பல் நிறம். அது உண்மையில் நுண்ணிய கரும்புள்ளிகள். அச்சாகும் அதே அளவில் 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் வரைய வேண்டும். முடித்தபின் படத்தைச் சுருக்கினால் புள்ளிகளின் இடைவெளி பிக்சல் கட்டங்களோடு ஒத்துப்போகாது; கன்னத்து நிழலில் கட்டம் கட்டமாக அலை ஓடும். இதுதான் ‘மொவாரே’. திரையில் பாதி அளவில் பார்க்கும்போது தெரிகிற அலையைக் கண்டு பதற வேண்டாம், முழு அளவில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசிப் பக்கத்தில் வெளியீட்டு நாள், புத்தகத்தை வெளியிடும் குழுவின் பெயர், தொடர்பு முகவரி, அச்சகத்தின் பெயர் ஆகியவை இடம்பெற வேண்டும். அச்சகத்திடம் நேரடி விநியோகம் கேட்டால், விற்பனை நாள் காலையில் பெட்டிகள் உங்கள் மேசையடியில் இருக்கும். விற்பனைக்குக் கிடைப்பது அரை மேசைதான், சுமார் 90 × 45 செ.மீ. விலையை 500 யென்னின் மடங்காக வைத்து, சில்லறைக்கு 500 யென் நாணயங்களை முந்தைய நாளே மாற்றிக்கொள்ளுங்கள்.