ரெண்டு பழைய சேலையில் பிள்ளை வளர்க்க முடியுமா?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம், தலைப்பிரசவம். கார்த்திகையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். காவேரிப்பட்டினத்தில் மாமியாருடன் இருக்கிறோம். குழந்தைக்கு என்னென்ன வேண்டும் என்று தோழிகளிடம் கேட்டுப் பட்டியல் போட்டேன். கூட்டினால் 22,000 ரூபாய் வருகிறது. அது போக எனக்கும் பால் கொடுக்க வசதியாகத் துணி எடுக்க வேண்டும். அத்தையோ, "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? ரெண்டு பழைய சேலையில நாலு பிள்ளைங்களை வளர்த்தோம்" என்கிறார். அவர் சொல்வது நிஜமா? அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்? அதில் எதை நான் எடுத்துக்கொள்ளலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: உங்கள் அத்தை சொல்வது நிஜம்தான் அம்மா. பிள்ளைக்கு அந்த ரெண்டு சேலை போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் அதே பிரசவத்தில் தாய்க்கு மாற்றிக் கட்ட எத்தனை சேலை இருந்தது என்று அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அங்கேதான் மீதிக் கதை இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தையின் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள், உங்கள் பட்டியலில் ஒன்றையும் அடிக்காதீர்கள்.

முதலில் அந்தக் காலத்துச் சங்கதி. நம் பக்கம் மானாவாரி பூமி. மாதச் சம்பளம் என்று ஒன்று பல வீடுகளுக்குக் கிடையாது. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து விற்றால் கொஞ்சம் பணம் வரும். சித்திரை, வைகாசியில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும், அங்கே கூலிக்குப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் வரும். அந்தக் கையோடு துணி எடுத்தால்தான் உண்டு. கடைக்குப் போய் ஆளுக்கொரு நிறம் பார்ப்பதெல்லாம் இல்லை. ஒரே தானில், அதாவது ஒரே துணிச் சுருளில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் கிழித்து வாங்கி, பெண்பிள்ளைகளுக்குப் பாவாடையும் சட்டையும், பையனுக்கு மேல்சட்டையும் தைத்துவிடுவார்கள். திருவிழாவில் அக்கா தங்கை தம்பி எல்லோரும் ஒரே பூப்போட்ட துணியில் வரிசையாக நிற்பார்கள். துண்டு துண்டாக எடுப்பதைவிட மொத்தமாகக் கிழித்தால் கடைக்காரர் விலையில் இறங்கி வருவார், வெட்டும்போது வீணும் குறையும். மிஞ்சிய பிட்டில் கைக்குழந்தைக்கு ஒரு ஜப்லா.

வாங்கும் இடமும் பல. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு, கோழி, தானியத்தோடு துணியும் விரித்திருப்பார்கள். சாயந்திரம் மூட்டை கட்டும் நேரத்துக்குப் போனால் விலை தணியும் என்று காத்திருந்து வாங்கிய பெண்கள் உண்டு. சைக்கிள் கேரியரில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தவணைக்காரர் ஊருக்குள் வருவார். வாரம் இவ்வளவு என்று சிட்டையில் எழுதிக்கொண்டு சேலை கொடுப்பார். கைக்காசு இல்லாத நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் கூட்டிப் பார்த்தால் கடை விலையை நன்றாகத் தாண்டியிருக்கும். இன்றைக்குச் செல்போனில் "இப்போது வாங்கி, பிறகு கட்டுங்கள்" என்று வருவதும் அதே சிட்டைதான். அப்புறம் ரேஷனில் வந்த மலிவு விலைத் துணி, எழுபதுகளில் அரசு மலிவு விலையில் விற்ற ஜனதா சேலை, 1983-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலை. கோ-ஆப்டெக்ஸ் 1935-லிருந்தே இருக்கிறது. தீபாவளிக்குத் தள்ளுபடி போடும்போது கைத்தறிச் சேலை எடுப்பதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

நம் பக்கத்துப் பெண்களின் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விடக்கூடாது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அப்போது கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது, தனியாகப் பிரிந்தது 2004-ல். அதற்கு முன்பெல்லாம் பெண்ணின் கையில் காசு என்றால் அரிசிப் பானையில் ஒளித்து வைத்ததும், கோழி முட்டை விற்றதும்தான். குழுவில் பணம் போட ஆரம்பித்த பிறகு, பிரசவச் செலவுக்குத் தவணைக்காரரையோ வட்டிக்காரரையோ பார்க்காமல் குழுக் கடனில் சமாளித்தவர்கள் நிறைய.

துணியை எப்படிச் செலவழித்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனித்துப் படித்துக்கொள்ள வேண்டும். பாவாடை தைக்கும்போதே அடிப்பக்கம் ரெண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்து விடுவார்கள். பிரித்த இடத்தில் பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும், அதைப் பார்த்தே அந்தப் பாவாடைக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். ரவிக்கைக்கு உள்ளே ரெண்டு விரல் துணி விட்டு, பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் ஓட்டச் சொல்வார்கள். பிள்ளை உண்டானால் ஒரு தையலைப் பிரித்தால் போதும், புதுசு தைக்க வேண்டாம். நடுவில் நைந்த சேலையை நெடுக்குவாட்டில் ரெண்டாகக் கிழித்து, கரைகள் நடுவே வரும்படி மாற்றி மூட்டி இன்னும் ஒரு வருஷம் கட்டுவார்கள். அதற்கு மேல் தாங்காது என்றால் பிள்ளைக்குத் தூளி, பிறகு விரிப்பு, பிறகு கோவணத் துணி, கடைசியில் அடுப்படியில் கரித்துணி.

குழந்தைக்குப் பழைய துணி போட்டது ஏழ்மையால் மட்டும் இல்லை. புதுத் துணியில் கஞ்சி மொடமொடப்பும் சாயமும் இருக்கும். பத்து வருஷம் துவைத்த நூல் வேட்டி பச்சைப் பிள்ளையின் தோலுக்கு அவ்வளவு மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாக இழுக்கும். இந்த விஷயத்தில் உங்கள் அத்தைக்கு முழு மதிப்பெண்.

தாய்க்கு என்ன இருந்தது? கட்டியது ஒன்று, காய்வது ஒன்று. பால் கசிந்து மார்பு நனைந்தால் முந்தானையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரசவ உதிரத்துக்குக் கிழிந்த சேலைத் துணிதான். துணி வைத்ததில் தவறில்லை, அதைக் காயவைத்த இடத்தில்தான் தவறு. பிள்ளையின் துணி வாசல் கொடியில் நல்ல வெயிலில் காயும். தாயின் துணியை யார் கண்ணிலும் படக்கூடாது என்று வீட்டுக்குப் பின்னால், வேறு துணிக்கு அடியில், இருட்டில் காயப் போட வேண்டும். அரைகுறை ஈரத்தோடு அதையே திரும்ப வைத்து, புண்ணும் அரிப்பும் காய்ச்சலும் வந்து, அதையும் வெளியே சொல்லாமல் கிடந்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் காலத்துச் சிக்கனத்தில் இந்தப் பகுதியை நீங்கள் தொடவே வேண்டாம். அதனால் பிரசவத்துக்குப் பிந்தைய பெரிய நாப்கின்கள் உங்கள் பட்டியலில் முதல் வரியாக இருக்கட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்றுகிற கணக்கில் வாங்குங்கள்.

சரி, இப்போது குழந்தையின் பட்டியலுக்கு வருவோம். வீட்டில் பழைய எட்டு முழ நூல் வேட்டி இருக்கிறதா? அதை இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் பன்னிரண்டு துண்டு வரும். அப்படி மூன்று வேட்டி தேற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேலும் பிள்ளை நனைக்கும், உங்களுக்கோ ஐப்பசி, கார்த்திகை மழை. நேற்றுத் துவைத்தது இன்றைக்கும் காயாது. முன்பு கூடையைக் கவிழ்த்து, அடியில் தணலும் சாம்பிராணியும் போட்டு உலர்த்துவார்கள். அந்தப் புகை பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. மின்விசிறியில் பாதி உலரவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய். ஈரமும் போகும், கிருமியும் போகும். வாசனைத் திரவம் எதுவும் ஊற்றி அலசாதீர்கள், துணி ஈரம் இழுக்காமல் போய்விடும். ஊக்கு குத்த வேண்டாம், முடிச்சே போதும். கடை டயப்பரை ஆஸ்பத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் மட்டும் வையுங்கள், ஒரு சின்னப் பாக்கெட் போதும்.

இந்த வேட்டி கிழிக்கும் வேலையை அத்தையிடமே கொடுத்துவிடுங்கள். எந்தத் துணி நூல், எது கலப்பு என்று அவர் விரலால் தடவியே சொல்வார். உங்களுக்கு அது கைவரும் வரை ஒரு வழி சொல்கிறேன். ஓரத்தில் ரெண்டு இழையை உருவி, வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். வளைகாப்புக்கு உங்களுக்கு வரப்போகும் ரவிக்கைத் துணிகளையெல்லாம் இப்படிப் பாருங்கள். பருத்தியாக இருப்பவற்றை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு ஜப்லா தைத்துவிடலாம். முதுகில் நாடா வைப்பதானால் குட்டையாக வைக்கச் சொல்லுங்கள்.

பிறந்த குழந்தை அளவில் கடைச் சட்டை நாலைந்துக்கு மேல் வேண்டாம். ரெண்டு மாதத்தில் பத்தாமல் போய்விடும். எடுப்பதானால் திருப்பூர் பனியன் துணியில் எடுங்கள். சந்தையிலும் நடைபாதையிலும் ஏற்றுமதி மிச்சம், செகண்ட்ஸ் என்று போடுவதில் நல்ல சரக்கு கிடைக்கும். உள்பக்கம் திருப்பி, தையல் உறுத்துகிறதா, பட்டன் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளை பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வலை கவுன் வாங்கி வருவார்கள், சரிகை குத்தும். உரிமையுள்ளவர்களிடம், "ஒரு வயசு அளவுல பருத்தியா எடுத்துட்டு வாங்க சித்தி" என்று கூசாமல் சொல்லிவிடுங்கள்.

தொட்டில் வாங்க வேண்டாம், சேலைத் தூளி போதும். ஆனால் நூல் சேலையாக இருக்கட்டும், நைலக்ஸ் வகை முடிச்சு வழுக்கும். கட்டியதும் பத்துக் கிலோ அரிசிப் பையை அதில் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளையைப் போடுங்கள். தாடை நெஞ்சில் அழுந்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், மூச்சுக்கு இடைஞ்சலாகும். யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூளி. இரவில் உங்கள் பக்கத்தில், கெட்டியான சமமான விரிப்பில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். ரப்பர் ஷீட் ஒன்று, கொசுவலை ஒன்று வாங்குங்கள். பால் புட்டி, மாவு டப்பா பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். இவற்றுக்கு விளம்பரம் செய்வதையே 1992-ம் வருஷச் சட்டம் தடுத்திருக்கிறது. கறந்த தாய்ப்பால் கொடுக்க வேண்டி வந்தால் பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் போதும், கழுவி வெந்நீரில் கொதிக்க வைப்பதும் சுலபம். பவுடர், வாசனை எண்ணெய், ஷூ எதுவும் வேண்டாம். வசம்பு உரைத்து நாக்கில் தடவலாம் என்று அத்தை சொன்னால் அதை மட்டும் மென்மையாக மறுத்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது.

மிச்சமானதில் உங்களுக்கு எடுங்கள். பால் கொடுப்பதற்கான உள்பாடி குறைந்தது மூன்று வேண்டும், ஒன்று நனைந்தால் மாற்ற ஒன்று கையில் இருக்கிற மாதிரி. அதற்கென்று விற்கும் குர்தியெல்லாம் விலை அதிகம். இருக்கிற பருத்தி நைட்டிகளைத் தையல்காரரிடம் கொடுத்து மார்புப் பக்கம் ஜிப் வைக்கச் சொன்னால் வேலை முடிந்தது. முன்பக்கம் ஹூக் வைத்த ரவிக்கைகளை இப்போதே பிரித்துத் தளர்த்துங்கள். உள்ளே துணி விடாமல் தைத்ததாக இருந்தால் கைக்கு அடியில் ஒரு பட்டி கொடுத்து மூட்டலாம். புதுசாக ரெண்டு கைத்தறிச் சேலை எடுங்கள். ஐப்பசியில் தீபாவளித் தள்ளுபடி, உங்கள் தேதிக்கும் பொருந்தி வருகிறது. மழைக்காலம் என்பதால் மாற்றுத் துணி ஒன்று கூடவே இருப்பது நல்லது.

இன்னொரு விஷயம். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்குக் கொடுக்கும் பிக்மி எண் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. பிறகு 18,000 வரை உயர்ந்து, அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. உங்களுக்குப் பொருந்துமா, எந்தத் தவணை எப்போது வரும் என்று அவரிடமே கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானால் குழந்தைப் பெட்டகம் ஒன்று கொடுக்கும் திட்டம் 2015-ல் வந்தது. துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, தாய்க்குச் சுண்டி லேகியம் என்று பதினாறு பொருள். அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, கிடைக்கும் என்றால் கொசுவலையையும் துண்டையும்கூடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.