ஓடுகிறவர்களுக்குச் சாப்பாடும் பலப் பயிற்சியும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்

வணக்கம் உறவுகளே. ஓட்டத்தை விடாமல் ஓடுகிறோம், ஆனால் சாப்பாடும் பலப் பயிற்சியும்தான் நிலைத்து நிற்பதில்லை என்று நிறையப் பேர் சொன்னதால், போன கிழமை கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் வைத்தியர் இல்லை. 14 வருடமாக ஓடுகிறேன், கிளிநொச்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வைத்தியரிடம் போக வேண்டிய இடங்களில் போங்கள் என்றே எழுதியிருக்கிறேன், அதைத் தாண்டிப் படிக்காதீர்கள்.

வவுனிக்குளத்திலிருந்து ஒரு தம்பி (27, வயல்): அண்ணா, மூன்று கிழமை எல்லாம் ஒழுங்காகச் செய்வேன். வயல் வேலை தொடங்கினால் நின்றுவிடும், திரும்பத் தொடங்க ஒரு மாதத்துக்கு மேல் போகிறது. எனக்கு மனவுறுதி இல்லையோ?

மனவுறுதியில் ஒரு குறையும் இல்லை தம்பி. நீங்கள் திட்டம் போட்டது வேலை இல்லாத கிழமையை மனதில் வைத்து. காலபோக விதைப்பு எப்போது வரும், அரிவு வெட்டு எப்போது வரும் என்று உங்களுக்குப் போன வருடமே தெரியும், ஆனால் உங்கள் பயிற்சித் திட்டத்துக்கு மட்டும் அது தெரியாது. அதனால் இரண்டு திட்டம் எழுதுங்கள். ஒன்று வழமையான கிழமைக்கு: நான்கு ஓட்டம், இரண்டு பலப் பயிற்சி. மற்றது வயல் கிழமைக்கு: 20 நிமிட மெதுவோட்டம் இரண்டு, 15 நிமிடப் பலப் பயிற்சி ஒன்று, அவ்வளவுதான். விதைப்புத் தொடங்குகிற நாளிலேயே இரண்டாவது திட்டத்துக்கு மாறிவிடுங்கள், முடியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

இது ஏமாற்று வேலை இல்லை. சேர்த்த பலத்தைத் தக்கவைக்க, தூக்குகிற பாரத்தைக் குறைக்காவிட்டால், கிழமைக்கு ஒரு பயிற்சியே பல கிழமைகளுக்குப் போதும். ஓட்டத் தகுதியும் பத்து நாள் விட்டால் பெரிதாக இறங்குவதில்லை. வயல் கிழமையில் நீங்கள் இழப்பது கொஞ்சம்தான், அதற்குப் பிறகு தொடங்காமல் இருக்கிற அந்த மாதத்தில்தான் எல்லாம் போகிறது. ஒரு கிழமைகூட முழுதாக நிற்காவிட்டால் "திரும்பத் தொடங்குவது" என்ற வேலையே உங்களுக்கு வராது.

சாப்பாட்டை மட்டும் அந்தக் கிழமையில் குறைக்கவே வேண்டாம், கூட்டுங்கள். வெயிலில் நாள் முழுக்க வரம்பில் நின்றுவிட்டு இரவு மட்டும் வயிறாரச் சாப்பிடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. காலையில் பழஞ்சோற்றுக் கஞ்சியோடு அவித்த முட்டை இரண்டு, பத்து மணிக்கு அவித்த கௌபியோ பயறோ, மத்தியானம் சோறும் மீனும், இது போதும்.

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி (24, ஆடைத் தொழிற்சாலை): காலை ஐந்தரைக்கு வேலைக்கு வெளிக்கிட்டால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. காலையில் பிளேன்ரீயும் பிஸ்கட்டும்தான். கிழமையில் மூன்று நாள் ஓடுகிறேன். நன்றாக மெலிந்திருக்கிறேன், ஆனால் தலைச்சுற்று வருகிறது. நான்கு மாதமாக மாதவிடாயும் வரவில்லை. ஓடுகிறதால்தான் என்று விட்டுவிட்டேன்.

தங்கச்சி, வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். தயவுசெய்து இந்தக் கிழமையே வைத்தியரைப் பாருங்கள். ஓடுகிற பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சாதாரணம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் காரணம் தேட வேண்டும். வேறு காரணங்களும் இருக்கலாம், அதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓடுகிறவர்களிடம் அடிக்கடி காணப்படுகிற காரணம் ஒன்று உண்டு: உடம்பு செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை. அப்போது உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திச் சக்தியை மிச்சம் பிடிக்கிறது, முதலில் நிற்கிறவற்றில் மாதவிடாயும் ஒன்று. அதோடு ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைந்து, எலும்பும் மெலியத் தொடங்குகிறது. மெலிந்த பிறகு ஓட்டம் இலேசாக இருப்பது கொஞ்ச நாளைக்குத்தான். அடுத்து முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகும்.

எனக்கு அது நடந்தது. 22 வயதில் வெறும் வயிற்றோடு ஓடி, பலப் பயிற்சி எதுவும் இல்லாமல், நோவோடு நோவாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் எலும்பில் வெடிப்பு என்று படத்தில் தெரிந்தபோது அந்த வருடப் போட்டிகள் எல்லாம் போய்விட்டன. பயிற்சி தந்தவர் "நோவைத் தாங்கப் பழகு" என்றார். அந்த வார்த்தையை என் பிள்ளைகள் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிற்றினும் பார்க்க முடிந்தால் நல்லது. இரும்புக் குளிசையைப் பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். இன்றைக்கே மாற்றக்கூடியது தேநீர் குடிக்கிற நேரம். தேயிலையில் உள்ள தனின், சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு முழுதாக எடுக்க விடாது, அதனால் சாப்பாட்டுக்கும் பிளேன்ரீக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழியுங்கள், கொய்யாப்பழம் சாப்பிடுங்கள், விற்றமின் சி இரும்பை உள்ளே எடுக்க உதவும்.

காலைச் சாப்பாட்டை இரவே செய்து வையுங்கள். குரக்கன் பிட்டோ உழுத்தம்மாக் களியோ ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போய்ப் பஸ்ஸிலேயே சாப்பிடலாம், வெட்கப்பட என்ன இருக்கிறது? மாலை இறங்கியதும் ஓடப் போவதற்கு முன் வாழைப்பழம் ஒன்று, பனங்கட்டித் துண்டு ஒன்று. வைத்தியர் பார்க்கும்வரை ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். எலும்பு நோவு இருந்தால் அறவே வேண்டாம்.

பரந்தனிலிருந்து ஒருவர் (60 கிலோ): புரதப் பவுடர் இல்லாமல் பலம் வருமா? ஒரு டப்பா வாங்க என் கிழமைச் சம்பளம் போகிறது.

வரும். ஓடிக்கொண்டு பலப் பயிற்சியும் செய்கிறவருக்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 இலிருந்து 1.6 கிராம் வரை புரதம் நல்ல கணக்கு. உங்களுக்கு நடுவில் வைத்தால் 84 கிராம். எண்ணிப் பாருங்கள்: முட்டை இரண்டில் 12, வேகவைக்காத பருப்பு 50 கிராமில் 12, காய்ந்த சோயா மீற் 30 கிராமில் 15, மீன் 100 கிராமில் 20, கச்சான் ஒரு கைப்பிடியில் 7. நாள் முழுக்கச் சாப்பிடுகிற சோறும் பிட்டும் சேர்ந்து இன்னும் 20 வரை தரும். கணக்கு முடிந்துவிட்டது. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடிக்கிற குளத்து மீன், முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்குகிற கச்சான், இவையெல்லாம் பவுடர் டப்பாவில் இருக்கிற அதே வேலையைச் செய்கின்றன. ஒரே நேரத்தில் அள்ளிப் போடாமல் மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துச் சாப்பிடுங்கள், அதுதான் முக்கியம். எங்கள் வீடுகளில் காலை வேளையில் புரதமே இருப்பதில்லை, பாணும் சம்பலும்தான். அதோடு ஒரு முட்டை சேர்ந்தாலே பெரிய மாற்றம்.

மாச்சத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடுகிறவருக்குச் சோறு வேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து: இங்கே ஜிம் இல்லை. என்ன செய்வது, எந்த நாளில் செய்வது?

ஒரு உரப்பையைக் கழுவிக் காயவைத்து 10 கிலோ கடற்கரை மணல் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பிய 20 லீற்றர் கான் 20 கிலோ, 5 லீற்றர் போத்தல் 5 கிலோ. இது உங்கள் ஜிம்.

ஐந்து பயிற்சி போதும். மணல் பையை நெஞ்சோடு அணைத்துக் கதிரையில் இருந்து எழும்புவது. ஒரு காலை முன்னே வைத்து மற்ற முழங்காலை நிலத்துக்குக் கிட்ட இறக்கி எழும்புவது. முதுகை நேராக வைத்து, இடுப்பால் குனிந்து கானைத் தூக்கி நிமிர்வது, நெல் மூட்டை தூக்குகிற அதே முறை. படியில் நின்று குதியை உயர்த்தி இறக்குவது, கால் நீட்டியும் முழங்கால் மடித்தும் இரண்டு விதமாக. கடைசியாக முழங்கையில் உடம்பைப் பலகை போலப் பிடிப்பது. குதி உயர்த்துவதைத்தான் எல்லோரும் சிறியது என்று விடுகிறார்கள், ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்காலும் அதைக் குதியோடு இணைக்கிற குதிநாணும் உடல் நிறையைப் போலப் பல மடங்கு பாரத்தைத் தாங்குகின்றன, அதனால் நான் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

பலகை போலப் பிடிப்பதைத் தவிர மற்றவை ஒவ்வொன்றும் 8 தடவை, மூன்று சுற்று. முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தடவை செய்திருக்கலாம் என்று தோன்ற வேண்டும். ஐந்தாறு தடவை செய்யலாம் போலிருந்தால் மணல் கூட்டுங்கள். தசை சில கிழமைகளில் பலப்படும், நாண்களுக்கு மாதங்கள் வேண்டும். அதனால் உற்சாகம் வந்தவுடன் பாரத்தை இரட்டிப்பாக்காதீர்கள்.

நாள் என்று கேட்டால், கடினமாக ஓடுகிற நாளின் மாலையிலேயே செய்யுங்கள். அப்போது மெதுவோட்ட நாள் உண்மையிலேயே ஓய்வாக இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம்.

வவுனியா வடக்கிலிருந்து ஒரு அக்கா: என் தம்பி ஓடுவதற்கு முன்பே நோவுக் குளிசை போடுகிறான். இங்கே பல குடும்பங்களில் சிறுநீரக வருத்தம் இருக்கிறது, பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் சரியானது அக்கா. வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்போடு டைக்குளோஃபெனக், இபுப்ரோஃபென் போன்றவற்றைப் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் குறைகிறது. காரணம் இன்னும் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிற பிரதேசத்தில் இப்படி விளையாடவே கூடாது. தம்பி சிறுநீரகப் பரிசோதனை செய்யட்டும், வீட்டில் யாருக்காவது வருத்தம் இருந்தால் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பும் வைத்தியரைக் கேட்கட்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறை பார்க்கச் சொல்லுங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வற்றியிருக்கிறது. அதைச் சில மணித்தியாலங்களில் மெதுவாகக் குடிக்கட்டும், உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ நல்லது, நிறைய வியர்த்தால் ஜீவனி (உப்புகளும் குளுக்கோசும் கலந்த கரைசல்). நிறை கூடுகிற அளவுக்கு வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துத்தான்.

கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம். அப்போது என்ன செய்வது?

விரதத்தை மனநிறைவோடு பிடியுங்கள். வேக ஓட்டம் வேண்டாம், மெதுவோட்டம் இரண்டு, பலப் பயிற்சி முதல் நாள் ஒன்று, சூரன்போர் முடிந்து இரண்டு நாளில் இன்னொன்று. ஒரு நேரம் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுவதற்கு சற்று முன் ஓடுங்கள். தண்ணீரும் இல்லாமல் பிடிக்கிறவர்கள் ஓடவே வேண்டாம், நடங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அண்ணா (41): 2009 இல் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் தொடையில் இருக்கிறது. ஓடும்போது நோவு இல்லை. பாரம் தூக்கலாமா?

அண்ணா, முதலில் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்து, துண்டு நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ கிட்ட இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், பாரமில்லாமல் கதிரையில் இருந்து எழும்புவதில் தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொஞ்சமாகக் கூட்டுங்கள். விறைப்பு, மின்சாரம் அடித்தது போல உணர்வு, பழைய காயத்தில் வீக்கம் வந்தால் நிறுத்துங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். இந்தக் காலோடு நீங்கள் ஓடுகிறீர்கள் என்பதை வாசித்தபோது என் மனம் நிறைந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து: விடிய ஓட முடியாது, யானை நிற்கிறது.

ஓடாதீர்கள். விடியற்காலையைப் பலப் பயிற்சிக்கு முற்றத்தில் வைத்து, ஓட்டத்தை வெளிச்சம் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளியவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை (61): இனித் தொடங்கி என்ன பயன் தம்பி?

ரீச்சர், உங்கள் ஊரிலேயே அகிலத்திருநாயகி அம்மா இருக்கிறார், 2023 இல் 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் போட்டியில் தங்கம் வென்று வந்தவர். வயது ஏற ஏறத் தசை தானாகக் குறைகிறது, அதனால் பலப் பயிற்சி இளையவர்களைவிட உங்களுக்குத்தான் கூட வேண்டும். இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்துவிட்டு, கிழமைக்கு இரண்டு நாள் கதிரைப் பயிற்சியும் குதி உயர்த்துவதும், மற்ற நாள் நடையும். நெத்தலிக் கருவாடு, முருங்கை இலை, தயிர், குரக்கன் ஆகியவற்றில் எலும்புக்கு வேண்டிய கல்சியம் இருக்கிறது. கருவாட்டில் உப்பு அதிகம், அழுத்தம் இருந்தால் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு அம்மா: மகன் 1500 மீற்றர் ஓடுகிறான். காலையில் எதுவும் சாப்பிடாமல் பயிற்சிக்குப் போகிறான். எவ்வளவு சொல்லியும் கேட்கிறான் இல்லை.

அம்மா, விடியற்காலையில் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இறங்காது. வற்புறுத்தினால் சத்திதான் வரும். அரை வாழைப்பழத்தில் தொடங்குங்கள், ஒரு கிழமைக்குப் பிறகு முழுப்பழம், பிறகு அதோடு அரைக் கோப்பை பால். வயிறும் பழகும். பயிற்சி முடிந்த கையோடு சாப்பிட ஒரு பெட்டி கொடுத்துவிடுங்கள், பிட்டும் முட்டையும், அல்லது பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும். என் பிள்ளைகளில் ஒருவன் ஆறு மாதமாக ஒரே பயற்றைத்தான் கொண்டுவருகிறான், அவன் அம்மா மாற்றிப் பார்த்தாராம், அவன் விடவில்லை. உங்கள் மகனுக்கும் அப்படிப் பிடித்த ஒன்று இருக்கும், அதையே தினமும் கொடுங்கள்.